நல்ல பல் மருத்துவருக்கு என்ன வேண்டும்? ஒரு பி.டி.எஸ். மாணவருக்கு விரிவான பதில்

கேள்வி இதுதான்: சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டு. நல்ல பல் மருத்துவருக்கு எந்தக் குணம் முக்கியம் என்று வகுப்பில் பேச்சு வந்திருக்கிறது. பாதிப் பேர் கைத்திறன் என்றார்கள். மற்றவர்கள் பொறுமை, இரக்கம், நன்றாகப் பேசுவது, நேர்மை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். படிப்பை முடித்துவிட்டு தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கிளினிக் வைக்க நினைக்கிறவர் இவற்றில் எதை முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டும்?

உங்கள் வகுப்பில் சொன்னது எதுவும் தவறில்லை, தம்பி. ஆனால் "பொறுமை வேண்டும்" என்று மனதில் நினைத்துக்கொள்வதால் நாளைக் காலை ஓ.பி.யில் எதுவும் மாறாது. ஒவ்வொரு குணமும் நாற்காலிக்குப் பக்கத்தில் சில குறிப்பிட்ட வேலைகளாக இறங்கி வர வேண்டும். அந்த வேலைகளை எண்ணிச் சொல்லலாம், பழகலாம், சரியாகச் செய்தோமா என்று சோதிக்கலாம். அப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மாணவர்கள் போடும் பட்டியலில் பெரும்பாலும் வராத ஒன்றும் உண்டு: எப்போது கை வைக்காமல் இருக்க வேண்டும் என்று தெரிவது. என் கணக்கில் அதற்குத்தான் முதல் இடம். அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

முதலில் கை. முதல் ஆண்டில் மெழுகில் பல் செதுக்கி, இரண்டாம் ஆண்டில் பாண்டம் ஹெட்டில் (பயிற்சிக்கான பொம்மைத் தலையில்) கேவிட்டி வெட்டியதும் "இவனுக்குக் கை இருக்கு, அவனுக்கு இல்லை" என்று ஒரு முடிவு வந்துவிடுகிறது. அது அவசர முடிவு. கை நடுங்குகிறது என்று பயப்படுகிற மாணவர்களில் பலர் விரலை ஊன்றாமல் வேலை செய்கிறார்கள். ஹேண்ட்பீஸ் (பல் குடையும் கருவி) பிடித்த கையின் மோதிர விரல், வேலை நடக்கிற பல்லுக்குப் பக்கத்துப் பல்லிலோ அதே தாடையின் வேறொரு பல்லிலோ உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும். உதட்டிலோ கன்னத்திலோ ஊன்றினால் நோயாளி எச்சில் விழுங்கும்போது உங்கள் பர்ரும் (அதில் சுழலும் வெட்டுமுனை) சேர்ந்து நகரும். இரண்டாவது, நாற்காலியின் உயரம். நோயாளியின் வாய் உங்கள் முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும், உங்கள் கண்ணுக்கும் பல்லுக்கும் நடுவே 35 முதல் 40 செ.மீ. இடைவெளி வேண்டும். மேல்தாடைப் பல் என்றால் நோயாளியை நன்றாகச் சாய்த்துத் தாடையை உயர்த்தச் சொல்லுங்கள், கீழ்த்தாடை என்றால் சற்று நிமிர்த்துங்கள். மேல் கடவாய்ப் பல்லைக் கண்ணாடியில் பார்த்து வேலை செய்ய இப்போதே பழகாவிட்டால், கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கழுத்து வலியால் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளும் பல் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் நோயாளி உங்கள் கையை அளப்பது ஃபில்லிங்கின் வடிவத்தை வைத்து அல்ல. ஊசி வலித்ததா, மரத்ததா என்பதை வைத்துத்தான். அதனால் கைத்திறன் என்று ஒன்றை மட்டும் பழக நேரம் இருந்தால் கீழ்த்தாடை பிளாக்கை, அதாவது கீழ்த்தாடை நரம்பையே மரக்கச் செய்யும் ஊசியைப் பழகுங்கள்.

நம் ஊர்களில் வழக்கமாகக் கையில் இருப்பது 2 சதவீத லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து, 1:80,000 அட்ரினலினோடு. ஒரு மில்லிக்கு 20 மி.கி. மருந்து. பிளாக்குக்குச் சுமார் 1.5 மில்லி போதும், கன்னப் பக்க நரம்புக்கு மீதி கொஞ்சம். பெரியவர்களில் ஊசி நுழையும் இடம் கீழ்ப் பற்களின் கடிமட்டத்துக்கு 6 முதல் 10 மி.மீ. மேலே. சிரிஞ்சின் உடல் எதிர்ப்பக்கத்து முன்கடவாய்ப் பற்களின் மேல் இருக்க வேண்டும். ஏறக்குறைய 20 முதல் 25 மி.மீ. உள்ளே போனதும் எலும்பு தட்டும். அதற்கு முன்பே தட்டினால் நுனி முன்பக்கமாக இருக்கிறது என்று பொருள். சற்று வெளியே இழுத்து, சிரிஞ்சை அதே பக்கத்து முன்பற்களின் மேல் கொண்டுவந்து, இன்னும் கொஞ்சம் உள்ளே செலுத்திவிட்டுத் திரும்பப் பழைய இடத்துக்கு வாருங்கள். எலும்பே தட்டவில்லை என்றால் நுனி பின்னால் போய்விட்டது. அங்கே மருந்தைச் செலுத்தினால் பரோடிட் என்ற எச்சில் சுரப்பிக்குள் போய் முகத்தின் ஒரு பக்கம் சில மணி நேரம் தொங்கிவிடும். வெளியே இழுத்து, சிரிஞ்சை எதிர்ப்பக்கத்தில் இன்னும் பின்னால் கடவாய்ப் பற்களின் மேல் நகர்த்தி மறுபடி முயலுங்கள். சிறு பிள்ளைகளுக்கு நரம்பு நுழையும் துளை கடிமட்டத்துக்குச் சமமாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும். பெரியவர்களுக்குப் போடும் உயரத்தில் போட்டால் தவறிவிடும்.

எலும்பு தட்டியதும் ஒரு மி.மீ. பின்னால் இழுத்து, பிஸ்டனை இழுத்து ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு மெதுவாகச் செலுத்துங்கள். நிமிடத்துக்கு ஒரு மில்லி என்றால் 1.5 மில்லிக்கு ஒன்றரை நிமிடம். இங்கேதான் மாணவர்கள் தோற்கிறார்கள். பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடியில் அழுத்தி முடித்துவிடுகிறார்கள். வேகமாகப் போகும் மருந்து திசுவைக் கிழித்து விரிக்கிறது, வலி அதில்தான். பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். "மரத்துப் போச்சா?" என்று கேட்டால் பயத்தில் எல்லாரும் தலையாட்டுவார்கள். "உதட்டுல பாதி தடிச்சுப் போன மாதிரி இருக்கா? எந்தப் பக்கம், விரல் வச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். பிறகு புரோபால் (மெல்லிய சோதனைக் கருவியால்) ஈறைக் குத்திப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தும் உதடு மரக்கவில்லை என்றால் ஊசி பெரும்பாலும் தாழ்வாகப் போயிருக்கும். இன்னும் சற்று மேலே போட வேண்டும். உதடு நன்றாக மரத்தும் பல் மட்டும் வலிக்கிறது என்றால் உள்ளே கூழ் (பல்லுக்குள் நரம்பு இருக்கும் மென்திசு) கடுமையாக அழன்றிருக்கிறது. அதற்குப் பல்லைச் சுற்றிய தசைநாருக்குள் கூடுதல் ஊசி வேண்டும். சீழ் கட்டிய இடத்தில் திசு அமிலத்தன்மையோடு இருப்பதால் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது. அந்த இடத்திலேயே திரும்பத் திரும்பக் குத்தாமல், தள்ளி நரம்பின் மேல்பகுதியில் பிளாக் போடுங்கள். அட்ரினலின் சேர்ந்த மருந்துக்கு உச்ச அளவு ஒரு கிலோ எடைக்கு 7 மி.கி., மொத்தம் 500 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 4.4 மி.கி. என்று எச்சரிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். 15 கிலோ பிள்ளைக்கு 66 மி.கி., அதாவது 3.3 மில்லிதான். 30 மில்லி பாட்டிலிலிருந்து உறிஞ்சி எடுக்கும்போது இந்தக் கணக்கு மறந்துவிடும். எத்தனை சிரிஞ்ச் போட்டோம் என்று எழுதிவையுங்கள்.

உங்கள் வகுப்பு சொன்ன பொறுமை இந்த ஒன்றரை நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் இருக்கிறது. கோட்டா முறை அதற்கு நேர் எதிராகப் பழக்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை ஃபில்லிங், இத்தனை முழுப் பல்செட் என்று எண்ணிக்கை இருக்கும்போது, வருகிற நோயாளி 'கேஸ்' ஆகிவிடுகிறார். காப்பாற்றக்கூடிய பல்லும் எண்ணிக்கைக்காகப் பிடுங்கப்படும் ஆபத்து அங்கேதான் பிறக்கிறது. கோட்டா இல்லாமல் பயிற்சியும் இல்லை, அது தெரியும். ஆனால் கேஸ் ஷீட்டில் கையெழுத்து வாங்குமுன் ஒரு வரி கூடுதலாக எழுதிப் பழகுங்கள்: "இந்தப் பல்லை ஏன் பிடுங்குகிறோம், வேறு வழி என்ன இருந்தது." அந்த வரியை எழுத முடியாத நாளில் உங்களுக்கே ஏதோ உறுத்தும்.

அடுத்து பேச்சு. நன்றாகப் பேசுவது என்றால் இனிமையாகப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்து நோயாளிக்கு வேண்டியது மூன்று விவரம்: என்ன ஆகியிருக்கிறது, என்ன செய்தால் என்ன கிடைக்கும், எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு ஆகும். தடவையும் செலவும் ஒன்றுக்குள் ஒன்று, அதனால் சேர்த்தே சொல்லுங்கள். சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ வருகிறவருக்கு ஒரு வருகை என்பது ஒரு நாள் கூலி. வேர் சிகிச்சைக்கு மூன்று முறை வரச் சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை அவர் வராமல் போனால் "படிப்பறிவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது அநியாயம். முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும்: "எந்த ஊர், பஸ் எத்தனை மணிக்கு, சந்தை நாள் என்ன?" ஒரே அமர்வில் முடிக்கக்கூடிய பல்லை ஒரே அமர்வில் முடியுங்கள். முடியாது என்றால் நடுவில் வலி வராதபடி தற்காலிக அடைப்பை நன்றாக வைத்து, "இது நிரந்தரம் இல்லை, இதோட விட்டா பல்லு உடைஞ்சுடும்" என்று சொல்லி அனுப்புங்கள். தற்காலிக அடைப்பு குறைந்தது 3.5 மி.மீ. கனம் இல்லாவிட்டால் உமிழ்நீர் உள்ளே கசியும். வலி போய்விட்டதே என்று ஆறு மாதம் கழித்து வருகிறவரின் பல் காப்பாற்றத்தக்கதா என்பது அந்தக் கனத்தைப் பொறுத்தும் இருக்கிறது.

சில பயங்கள் எல்லா ஓ.பி.யிலும் வரும். "மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை போயிடுமாமே", "பல் கிளீன் பண்ணினா பல் ஆடுமாமே". சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு என்று விரலால் தன் முகத்திலேயே தொட்டுக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். கிளீன் செய்த பிறகு பல் ஆடுவது சில நேரம் நிஜமாகவே நடக்கிறது, அதை மறுக்கக் கூடாது. எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்ட பல்லைக் கெட்டிப்பட்ட காரை சிமெண்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் உள்ளபடியான ஆட்டம் வெளியே தெரியும். இதைக் கிளீன் செய்வதற்கு முன்பே, கையில் கண்ணாடி கொடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் சமாளிப்பு என்றுதான் படும்.

பிள்ளைகளிடம் "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலித்துவிட்டால் அந்தப் பிள்ளை உங்களை மட்டுமல்ல, அடுத்த இருபது வருடத்துக்கு எந்தப் பல் டாக்டரையும் நம்பாது. சொல், காட்டு, செய் என்ற முறையை அடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 1959இல் எழுதினார். இன்றைக்கும் அதைவிட எளிய முறை வரவில்லை. "இது காத்து ஊதும்" என்று சொல்லி, அந்தக் காற்றைப் பிள்ளையின் உள்ளங்கையில் ஊதிக் காட்டி, பிறகு அதையே, சொன்னபடியே வாயில் செய்யுங்கள். இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று சொன்னால், முதல் தடவை கை தூக்கும்போது கட்டாயம் நிறுத்த வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் உங்களைச் சோதிக்கத்தான் தூக்குவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் உட்காரப் போகிறீர்கள் என்றால் வலிக்கிறதா, வாயைத் திற, கடி, துப்பு, நாளை வா என்கிற அளவுக்காவது தெலுங்கும் கன்னடமும் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு மாவட்டத்திலும் இரக்கம் என்பதற்குத் தனியாக ஒரு பாடம் இருக்கிறது: கறைப் பல். நிலத்தடி நீரில் புளோரைடு கூடுதலாக உள்ள பகுதிகள் இங்கே நிறைய. குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 மி.கி. வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பல்லின் எனாமல் (கடினமான மேலோடு) உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயது வரை, இதற்கு மேல் குடித்த பிள்ளைக்குப் பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைக் கோடுகளோடு வரும். பழுப்பு நிறம் முளைத்த பிறகு ஏறுவது. நுண்துளைகள் உள்ள எனாமல் சாப்பாட்டு நிறத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கடுமையானதில் குழி விழும், ஓரம் பெயரும். ஆக, இது பல் விளக்காததால் வந்ததல்ல. "டெய்லி பிரஷ் பண்றியாப்பா?" என்று ஒரு கல்லூரிப் பெண்ணிடம் கேட்டால் அவர் அடுத்த முறை வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுவார். முதல் வாக்கியமே "இது நீங்க குடிச்ச தண்ணியால வந்தது, உங்க தப்பு இல்லை" என்று இருக்கட்டும்.

அடையாளம் காண்பதும் பழக வேண்டியது. புளோரைடுக் கறை இடது வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரே காலத்தில் உருவான ஜோடிப் பற்களில் வரும். ஒரே ஒரு முன்பல்லில் மட்டும் வெள்ளைத் திட்டு இருந்தால் அது பால்பல் காலத்து அடியாலோ சீழாலோ வந்திருக்கலாம். ஈறோரம் மட்டும் மங்கலான வெண்மை என்றால் தொடங்குகிற சொத்தை. கறையின் கடுமையைப் படிகளாகப் பிரிக்கும் டீன் அளவுகோலில் எந்தப் படி என்று எழுதுங்கள். வெறுமனே 'கறை' என்று எழுதினால் அடுத்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

சிகிச்சையில் மாணவர்கள் செய்யும் பெரிய பிழை, லேசான கறைக்கும் பல்லை அரைத்து கேப் போடுவது. இருபது வயதில் அரைத்த எனாமல் திரும்பாது, அந்த கேப்பை வாழ்நாளில் பல முறை மாற்ற வேண்டியிருக்கும். மேலோட்டமான பழுப்புக்கு மைக்ரோ அப்ரேஷன் போதும். அமிலமும் மெல்லிய தூளும் கலந்த பசையால் எனாமலின் மேல்படலத்தை மிக மெல்லியதாக எடுப்பது. ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு ஈறை மூடும் ரப்பர் விரிப்பு) இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், ஈறு வெந்துவிடும். வெள்ளைத் திட்டுகளுக்கு ரெசின் ஊடுருவல் முறை இருக்கிறது: 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு நிமிடம், கழுவி எத்தனாலில் உலர்த்தி, ரெசினை மூன்று நிமிடம் ஊறவிட்டு ஒளியில் இறுக்குவது. குழி விழுந்ததற்கு காம்போசிட், அதாவது பல் நிற அடைப்பு. ஆனால் புளோரைடு ஏறிய எனாமலின் மேல்படலம் அமிலத்தில் எளிதில் கரையாது. வழக்கமான 15 முதல் 30 விநாடி 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் இங்கே பல நேரம் போதாமல், ஒட்டிய காம்போசிட் சில மாதத்தில் பெயர்ந்து வரும். மேல்படலத்தை பர்ரால் லேசாகத் தேய்த்துவிட்டு, அமில நேரத்தையும் கூட்டுங்கள். உலர்த்தியதும் சுண்ணாம்பு வெண்மை தெரியாவிட்டால் மறுபடி வையுங்கள்.

வயதானவர்களில் சிலருக்குப் புளோரைடு எலும்பிலும் ஏறி முதுகும் கழுத்தும் இறுகியிருக்கும். அவர்களை நாற்காலியில் மட்டமாகச் சாய்த்தால் வலியில் துடிப்பார்கள். முக்கால்வாசி நிமிர்த்தி, கழுத்துக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, நீங்கள் எழுந்து நின்று வேலை செய்யுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைக்கும் கறை இருந்தால், வீட்டில் சமைக்கவும் குடிக்கவும் எந்தத் தண்ணீர், காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் கலந்ததா என்று கேளுங்கள். "கொதிக்க வைச்சுத்தான் கொடுக்கிறோம்" என்பார்கள். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி புளோரைடு செறிவு கூடத்தான் செய்யும். இந்த ஒரு வரியை ஒவ்வொரு தாயிடமும் சொல்லுங்கள். பேஸ்ட் மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. துப்பத் தெரிகிறதா என்று பெரியவர் யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் நீங்கள் அலட்சியமாகப் படிக்கும் பொது மருத்துவப் பாடம்தான் உங்கள் நோயாளியின் உயிரைக் காக்கப் போவது. "சுகர், பிரஷர் இருக்கா?" என்றால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பார்கள். மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் இருந்தால் நோய் இல்லை என்பது அவர்கள் கணக்கு. கேள்வியை மாற்றுங்கள்: "தினமும் ஏதாவது மாத்திரை போடுறீங்களா? வீட்டுக்கு வந்து யாராவது மாத்திரை கொடுக்கறாங்களா?" மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ பெரும்பாலும் உண்டு. மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லுங்கள். ஆம்லோடிபின் என்று இருந்தால் ஈறு தடித்திருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆஸ்பிரின் என்று இருந்தால் ஒரு பல் பிடுங்குவதற்காக அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். ரத்தத்தை அந்த இடத்திலேயே அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்தலாம், ஆனால் மாத்திரையை நிறுத்தி இதயத்தில் அடைப்பு வந்தால் நீங்கள் எதுவும் செய்ய முடியாது. அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத வேலையைத் தள்ளிவைத்து மருத்துவரிடம் அனுப்புங்கள்.

"பல் பிடுங்கணும்னு காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல" என்று வருகிற சர்க்கரை நோயாளிதான் மிக ஆபத்தானவர். மாத்திரையை மட்டும் போட்டுவிட்டு வந்திருப்பார். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் தெரிந்தால் வேலையை நிறுத்தி, நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து ரத்தச் சர்க்கரையை அளந்து பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நேரம் கொடுக்கும்போதே "காலைல சாப்பிட்டு, மாத்திரை போட்டுட்டு வாங்க" என்று சொல்வது ஒரு நிமிட வேலைகூட இல்லை.

இனி, கை வைக்காமல் இருப்பது. இது தைரியம் வேண்டியது, ஏனென்றால் எதையாவது செய்தால்தான் நோயாளிக்கும் திருப்தி, உங்களுக்கும் வருமானம். பல் கூழ் அழற்சியால் வரும் வலிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. வீக்கமும் காய்ச்சலும் இல்லாத பல்வலிக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. இருந்தும் "மூணு நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுங்க டாக்டர்" என்பார்கள். கொடுக்காமல், உடனே பல்லைத் திறந்து கூழை எடுத்து வலியை நிறுத்துவதுதான் சிகிச்சை. எக்ஸ்ரேயில் எனாமலோடு நிற்கிற, குழி விழாத சொத்தையை பர்ரால் தொடாதீர்கள். புளோரைடு வார்னிஷ் பூசி, உணவுப் பழக்கத்தைக் கேட்டு, ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். வலி இல்லாத ஆழமான சொத்தையில், சுற்றுச் சுவரைச் சுத்தமாக எடுத்துவிட்டு, கூழுக்கு மேலே உள்ள மென்மையான கடைசிப் படலத்தை விட்டுவிட்டு நன்றாக அடைக்கலாம். சுத்தமாக எடுக்கிறேன் என்று தோண்டி கூழைத் திறந்துவிட்டால், ஒரு ஃபில்லிங்கில் முடிந்திருக்க வேண்டியது வேர் சிகிச்சையாகிவிடும். தொந்தரவே தராத கடைசி ஞானப் பல்லைச் சும்மா எடுக்க வேண்டாம்.

கை வைக்காமல் உடனே அனுப்ப வேண்டியவையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையோ சிவப்போ ஆன திட்டு, காரணம் தெரியாமல் ஆடும் ஒற்றைப் பல். கூர்மையான பல்லைத் தேய்த்துவிட்டு "ஆறிடும்" என்று அனுப்பினால், இரண்டு வாரத்தில் கட்டாயம் திரும்பப் பாருங்கள். ஆறவில்லை என்றால் பயாப்சிக்கு (சிறு திசுத் துண்டு எடுத்துச் சோதிக்க) அனுப்புங்கள். பாக்கும் புகையிலையும் போடுகிறவரிடம் "காரம் எரியுதா?" என்று கேட்டு, அவருடைய மூன்று விரல்களை நிமிர்த்தி வாயில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று நுழையவில்லை, கன்னம் உள்ளே பட்டை பட்டையாக இறுகியிருக்கிறது என்றால் அது சாதாரண எரிச்சல் அல்ல. புற்றுநோயாக மாற வாய்ப்புள்ள நிலை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தில் புண் இருக்கும் இடம், நீள அகலம் மில்லிமீட்டரில், எத்தனை நாள், பழக்கம் என்ன என்று நான்கு விவரமும் இருக்கட்டும். "வாய்ப் புண், பார்க்கவும்" என்று எழுதிக் கொடுத்தால் வரிசையில் நின்று களைத்துத் திரும்பிவிடுவார். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து போனாரா என்று கேளுங்கள்.

நேர்மை என்று வகுப்பில் சொன்னவர்கள் பெரும்பாலும் பணத்தை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். அது சரிதான், ஆனால் கடினமான நேர்மை வேறு இடத்தில் வருகிறது. வேர்க்குழாயில் அதைச் சுத்தம் செய்யும் ஃபைல் என்ற மெல்லிய கருவியின் நுனி முறிந்துவிட்டது. நோயாளிக்குத் தெரியாது, எக்ஸ்ரேயில் ஒரு கோடு மட்டும். அப்போது சொல்ல வேண்டியது: "வேர்ல வேலை செய்யும்போது கருவியோட நுனி ஒண்ணு உடைஞ்சு உள்ளேயே நின்னுடுச்சு. இப்படி நடக்கறது உண்டு. அதைத் தாண்டிச் சுத்தம் பண்ண முடியுமான்னு பார்க்கிறேன். முடியலைன்னா சிறப்பு மருத்துவர்கிட்ட அனுப்புறேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே பார்ப்போம்." அன்றைக்கே சொல்லி, கேஸ் ஷீட்டில் எந்தப் பல், எந்தக் குழாய், எத்தனையாம் நம்பர் ஃபைல், எத்தனை மி.மீ. என்று எழுதுங்கள். மறைத்து வைத்து, இரண்டு வருடம் கழித்து வேறு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துச் சொன்னால் அந்தக் குடும்பமே உங்கள் வாசலை மிதிக்காது.

தப்பான பல்லைப் பிடுங்குவதும் இந்த வகைதான், ஆனால் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது. எதிரில் நின்று பார்க்கும்போது இடது வலது மாறும். ஒரு பல் ஏற்கெனவே விழுந்திருந்தால் எண்ணிக்கை தவறும். இரண்டு இலக்கப் பல் எண் முறையில் 36 என்று எழுதியிருந்தால் அது இடது கீழ் முதல் கடவாய். எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு, நோயாளி கையில் கண்ணாடி கொடுத்து, "இந்தப் பல்தானே?" என்று அவரே விரலால் தொட்ட பிறகு ஊசி போடுங்கள். மரத்த பிறகு கேட்டால் அவருக்கே தெரியாது.

சுத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விதி எல்லாருக்கும் தெரியும். ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) 121 டிகிரியில் 15 பவுண்டு அழுத்தத்தில், உறையிட்ட கருவிகளுக்கு 30 நிமிடம். தவறுவது வேறு இடங்களில்: கருவியைக் கழுவாமல் உள்ளே வைப்பது, ஆட்டோகிளேவை நெருக்கி நிரப்புவது, ஹேண்ட்பீஸை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்துவது. கரண்ட் போய் நடுவில் நின்றுவிட்டால் மீதி நேரத்தைக் கூட்டிக் கணக்குப் பார்க்கக் கூடாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும். வாரம் ஒரு முறை, உள்ளே வைத்த கிருமி சாகிறதா என்று பார்க்கும் உயிரியல் சோதனை வையுங்கள். நிறம் மாறும் டேப் சூடு ஏறியதைத்தான் சொல்லும், கிருமி செத்ததைச் சொல்லாது.

ஆக, எதை முதலில்? முக்கியத்தில் முதல் இடம் கை வைக்காமல் இருப்பதற்கு என்றேன், பழகும் வரிசை வேறு. மூன்றாம் ஆண்டில் இருக்கிற உங்களுக்கு: மாத்திரை அட்டையைப் பார்த்து நோயைப் படிக்கப் பழகுங்கள், அதற்குப் பர்ரும் வேண்டாம், கோட்டாவும் வேண்டாம். இறுதி ஆண்டில் ஊசியும் நாற்காலி நிலையும். இன்டர்ன்ஷிப்பில் ஒரு நோட்டு வாங்கி, செய்த வேலைகளை அல்ல, திரும்பி வந்த வேலைகளை எழுதுங்கள்: பெயர்ந்த ஃபில்லிங், குத்துகிற பல்செட், பிடுங்கிய மூன்றாம் நாள் வலியோடும் நாற்றத்தோடும் வந்தவர். அந்த மூன்றாம் நாள் வலி என்றால், உறைந்த ரத்தம் கழன்று எலும்பு வெறுமையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சுரண்டாமல், உப்பு நீரால் கழுவி மருந்துத் திரி வையுங்கள். பிறகு பிடுங்கிய அன்று என்ன சொல்லி அனுப்பினோம் என்று கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள். பஞ்சை முக்கால் மணி நேரம் கடிக்கவும், 24 மணி நேரம் துப்பாமலும் கொப்பளிக்காமலும் இருக்கவும், பீடி சிகரெட் தொடாமல் இருக்கவும் சொன்னோமா, அவர் புரிந்துகொண்டு திருப்பிச் சொன்னாரா என்பது அதில் எழுதியிருக்க வேண்டும்.